ஏழாம் கட்டில்காரி

ராக்காயி அக்கா எங்கள் அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் இருக்கிறார். என் அம்மாவுக்கும் அவர் அக்கா, எனக்கும் அக்கா, அவர் வேலை செய்யும் இடத்தில் தலை நரைத்த டாக்டர்களுக்கும் அக்கா. ஈப்போவில் ஒரு பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இருபத்து மூன்று வருடமாக ஊழியர். நோயாளியைக் கட்டிலோடு எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போவது, திரும்பக் கொண்டுவருவது, விரிப்பு மாற்றுவது, வாந்தி துடைப்பது, இறந்தவர் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றிச் சொந்தக்காரரிடம் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. வயது ஐம்பத்தேழு. ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.

பள்ளிக்கூடம் முடித்து வீட்டில் இருக்கும் என்னிடம் பார்ப்பவர்கள் எல்லாரும் ஆஸ்பத்திரி வேலைக்கு எழுதிப் போடு என்கிறார்கள். அங்கே வேலை என்றால் என்ன என்று கேட்கத்தான் அக்காவிடம் போனேன். அவர் ஏழாம் கட்டிலைப் பற்றிச் சொன்னார். பாதியை அவர் சொன்னார், மீதியை அவருடன் தாதியாக, அதாவது நர்ஸாக, வேலை செய்யும் பவித்ரன் அண்ணன் சொன்னார். இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போகும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. கட்டிலைத் தள்ளத் தொடங்கும்போதே ஊரைக் கேட்டுவிடுவார்.

"ஐயா எந்தப் பக்கம்?"

"சிம்பாங் பூலாய்."

"அங்க டயர் கடை சன்னாசி தெரியுமா?"

"என் தங்கச்சி மாப்பிள்ளதான் அது."

"அப்ப நீங்க எனக்கு மாமா முறை. சாஞ்சு படுங்க, மேட்டுல ஏறப் போறோம்."

நெஞ்சுவலியோடு வந்தவர் எக்ஸ்ரே அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் அக்காவுக்கு ஏதாவது ஒரு முறையில் சொந்தமாகியிருப்பார். மலாய்க்காரர், சீனர் என்றாலும் விடமாட்டார். அவர்களுடைய பக்கத்து வீட்டுத் தமிழர் யார் என்று கேட்டு அந்த வழியாக உள்ளே போவார்.

அதனால் அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான். மருத்துவமனையின் பின்கட்டில் துணிக்கிடங்கு என்று ஒன்று இருக்கிறது. துவைத்து வந்த விரிப்புகளை எண்ணி அடுக்கும் இடம். அங்கே ஒரே ஓர் ஆள்தான் வேலை. தலையணை உறையிடம் எந்த ஊர் என்று கேட்க முடியாது. அவசரப் பிரிவில் யார் மீதாவது இரண்டு எச்சரிக்கைக் கடிதம் சேர்ந்துவிட்டால் அங்கே அனுப்பிவிடுவார்கள். அக்காவின் பெயரில் ஏற்கனவே ஒரு கடிதம் இருந்தது.

அந்தக் கடிதம் வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். நான்கு வருடத்துக்கு முன் ஒரு சக்கர நாற்காலியின் பிரேக் பிடிக்கவில்லை என்று அக்கா ஒரு படிவம் எழுதிக் கொடுத்தார். பழுது கண்டபோது பொருளைப் பயன்படுத்தியவர் யார் என்று அதில் ஒரு கேள்வி. அக்கா நேர்மையாகத் தன் பெயரை எழுதினார். மூன்று வாரம் கழித்து, பொருள்களை இன்னும் கவனமாகக் கையாளவும் என்று அவருக்கே கடிதம் வந்தது. நாற்காலியின் பிரேக் இன்னும் பிடிக்கவில்லை.

கடிதத்தைப் படித்ததும் அக்கா ஆச்சரியப்படவில்லை. தன்மேல்தான் கோபப்பட்டார். ஏனென்றால் இது அவருக்குத் தெரிந்த பாடம். இருபத்தைந்து வயது வரை அவர் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். அங்கே விடியற்காலையில் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். வாளி ஓட்டை என்று யாராவது தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம் போய்ச் சொன்னால், மறுநாள் பெரட்டில், வாளியை உடைத்தவர் இன்னார் என்று அவர் பெயரையே உரக்கப் படிப்பார்கள். அதனால் தோட்டத்தில் எந்தப் பொருளும் உடைந்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள். உடைந்தால் ராத்திரியோடு ராத்திரியாகத் தாங்களே கட்டி, ஒட்டி, அடைத்துவிடுவார்கள். அலுவலகக் கணக்கில் அந்தத் தோட்டத்தில் முப்பது வருடமாக ஒரு பொருளும் உடையவில்லை. பிறகு ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடுகள் வந்தன, அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

இப்போது ஏழாம் கட்டில். அவசரப் பிரிவில் நோயின் கடுமையைப் பொறுத்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று மண்டலம். மஞ்சள் மண்டலத்தில் பன்னிரண்டு கட்டில். ஒவ்வொன்றின் இருபக்கமும் நோயாளி உருண்டு விழாமல் இருக்கத் தடுப்பு உண்டு. மேலே தூக்கினால் ஒரு கொக்கி பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் அக்கா வேலைக்கு வந்தபோது ஏழாம் கட்டிலின் வலதுபக்கத் தடுப்பில் கொக்கியைக் காணோம். தூக்கினால் நிற்கும், யாராவது சாய்ந்தால் விழும். அக்கா சுற்றிலும் பார்த்தார். வேறு யாரும் பார்க்கவில்லை. பார்த்த முதல் ஆள் தான் என்றால் உடைத்த முதல் ஆளும் தான்.

மறுநாள் வீட்டிலிருந்து ஒரு மங்குக் கம்பியைக் கொண்டுவந்தார். ரப்பர் மரத்தில் பால் வடியும் கிண்ணத்தைத் தாங்குவதற்காகச் சுற்றிக் கட்டுகிற கம்பி அது. நடுவில் சுருள் இருக்கும். அவரிடம் நாலைந்து மிச்சம் இருந்தன. ஒன்றில் குளியலறையில் பல்துலக்கும் டம்ளரை மாட்டியிருந்தார், அதைத்தான் கழற்றிக் கொண்டுபோனார். தடுப்பையும் கட்டில் சட்டத்தையும் சேர்த்து அவர் கட்டிய கட்டு யானை சாய்ந்தாலும் விடாது. ஆனால் அவிழ்க்கும் முறை அவர் விரலுக்கு மட்டும்தான் தெரியும். சுருளை அமுக்கி, இடது பக்கம் திருகி, மேலே தூக்க வேண்டும்.

அக்கா வேலை நேரம் முடிந்து போய்விட்டால் என்ன செய்வது? அதற்கும் வழி கண்டுபிடித்தார். போகும்போது ஏழாம் கட்டிலை மூலைக்குத் தள்ளி, 'கழுவப்படுகிறது' என்ற மலாய்ப் பலகையை மாட்டிவிட்டுப் போவார். திரும்பி வரும்போது பலகையை எடுப்பார். கழுவப்படும் கட்டில் யாருடைய பொறுப்பும் இல்லை என்பதால் யாரும் கேட்கவில்லை. அந்தக் கட்டில் ஒரு நாளில் எட்டு மணி நேரம் வேலை செய்தது, பதினாறு மணி நேரம் கழுவப்பட்டது. இடமில்லாமல் நோயாளிகள் நாற்காலியில் உட்கார்ந்து சொட்டு மருந்து ஏற்றிக்கொண்ட நாள்களிலும் அது கழுவப்பட்டுக்கொண்டே இருந்தது. இப்படிப் பதினான்கு மாதம். அக்கா ஒருமுறை கூட நீண்ட லீவு எடுக்கவில்லை. சிறந்த வருகைக்காக அவருக்கு ஒரு குவளை பரிசு கொடுத்தார்கள்.

இதில் பன்னிரண்டாம் மாதம் முடிந்தபோது பல்கலைக்கழகத்திலிருந்து டாக்டர் சிகப்பி வந்தார். அவசரப் பிரிவில் நோயாளிகளின் பாதுகாப்பு எப்படி இருக்கிறது, ஊழியர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பது அவருடைய ஆய்வு. அவரும் இரண்டு உதவியாளர்களும் முறைபோட்டுக்கொண்டு தூண் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அட்டையை மடியில் வைத்து உட்கார்ந்தார்கள். கை கழுவினார்களா, நோயாளியின் பெயரைக் கேட்டார்களா, கட்டில் தடுப்பு மேலே இருக்கிறதா என்று மூன்று கட்டம். ஒவ்வொன்றிலும் சரி அல்லது தவறு.

முதல் வாரம் யாரும் யாரையும் தொடவில்லை, கை கழுவவே நேரம் சரியாக இருந்தது. மெங்கெலம்புவிலிருந்து வந்த ஒரு பெரியவரிடம் காலையிலிருந்து ஒன்பது பேர் பெயர் கேட்டார்கள். பத்தாவதாகப் பவித்ரன் அண்ணன் போய்க் கேட்டபோது, "நானே மறந்துட்டேன் தம்பி. கையில கட்டியிருக்கு, நீயே படிச்சு எனக்கும் சொல்லு லா," என்றார்.

ஐந்து வாரம் கழித்து டாக்டர் சிகப்பி கணக்குப் பார்த்தார். மற்றக் கட்டில்களில் பத்துக்கு ஆறு முறைதான் தடுப்பு மேலே இருந்தது. ஏழாம் கட்டிலில் ஒருமுறை கூடத் தவறவில்லை. நூற்றுக்கு நூறு. உலகத்தில் எங்கேயும் இப்படி ஓர் எண்ணைத் தான் பார்த்ததில்லை என்று அவர் சொன்னாராம்.

அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார். "அக்கா, ஏழாம் கட்டில்ல என்ன விசேஷம்?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். சும்மா கட்டில்தான்."

"எப்பப் பார்த்தாலும் தடுப்பு மேலேயே இருக்கே. யாரு தூக்குறா?"

"அது நல்ல கட்டில் டாக்டர்."

டாக்டர் சிகப்பி அதையும் எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு ஏழாம் கட்டிலை ஆராயத் தொடங்கினார்கள். அது தாதியர் மேசைக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் என்று நினைத்துக் கடைசி மூலைக்கு மாற்றினார்கள். அங்கேயும் நூறு. திரைச்சீலை பச்சையாக இருப்பதால் மனம் அமைதியாகிறதோ என்று பச்சைத் திரையை ஐந்தாம் கட்டிலுக்கு மாற்றினார்கள். ஐந்தாம் கட்டிலில் அன்றைக்கே ஒருவர் விழப் பார்த்தார். பிறகு, இந்தக் கட்டில் மற்றவற்றைவிட மிக அதிக நேரம் கழுவப்படுகிறது என்பதை ஓர் உதவியாளர் கண்டுபிடித்தார். சுத்தத்துக்கும் பாதுகாப்புக்கும் தொடர்பு இருக்கலாம் என்று டாக்டர் சிகப்பி ஒரு பக்கம் எழுதினார். தாதிகளுக்குத் தலைவியான மேட்ரன் ரொஸ்னா அதைப் படித்துவிட்டு எல்லாக் கட்டில்களையும் பதினாறு மணி நேரம் கழுவ முடியுமா என்று கேட்டார். அப்படிச் செய்தால் நோயாளிகளை எங்கே வைப்பது என்று பவித்ரன் அண்ணன் கேட்டார். மேட்ரன் அவரை மட்டும் கழுவப் போகச் சொன்னார்.

செய்தி வெளியேயும் பரவியது. வருகிறவர்கள் ஏழாம் கட்டில்தான் வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். சீனக் கிழவர் ஒருவர் அதில் அரைமணி நேரம் படுத்துவிட்டு, வலி போய்விட்டது என்று மருந்து வாங்காமல் வீட்டுக்குப் போனார். யாரோ கட்டில் காலில் திருநீறு பூசியிருந்தார்கள்.

அக்காவுக்கு ஒவ்வொரு நாளும் பயம் கூடியது. இதற்கு நடுவில் சித்தியவானில் கட்டிக்கொடுத்த அவருடைய மகள் துளசிக்கு முதல் பிரசவம் நெருங்கியது. தினமும் போன் வந்தது.

"எப்பம்மா வர்ற? டாக்டரு அடுத்த வாரம்னு சொல்லிட்டாங்க."

"வாரேன் வாரேன்."

"போன மாசமும் வாரேன்னுதான் சொன்ன. அந்த ஆஸ்பத்திரி உன்னாலதான் நிக்குதா?"

நிற்பது தடுப்பு மட்டும்தான் என்று மகளிடம் சொல்ல முடியவில்லை. ஒரு வாரம் லீவு போட்டால் ஒரு வாரம் முழுக்கக் கட்டில் கழுவப்பட வேண்டும். அதை யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மாயாண்டி என்ற ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநரை ஏழாம் கட்டிலில் படுக்க வைத்தார்கள். அக்கா ஊர் விசாரித்து, அவர் தஞ்சோங் மாலிம் பக்கம் என்பது வரை தெரிந்துகொண்டு, வேறொருவரை எக்ஸ்ரேயிலிருந்து கூட்டிவரப் போனார். அந்த நேரம் பார்த்து மாயாண்டிக்கு மூச்சு நின்றது. மூலையில் கிடந்த கட்டிலின் இடதுபக்கம் சுவர் என்பதால், பணியில் இருந்த டாக்டர் ஓடிவந்து வலதுபக்கத் தடுப்பை இறக்கப் பார்த்தார். அது இறங்கவில்லை. பவித்ரன் அண்ணனும் சேர்ந்து இழுத்தார். கட்டிலே நகர்ந்ததே தவிரத் தடுப்பு அசையவில்லை. கடைசியில் டாக்டர் செருப்போடு கட்டில்மேல் ஏறி முழங்காலிட்டு நெஞ்சை அமுக்கத் தொடங்கினார். சத்தம் கேட்டு அக்கா ஓடிவந்து கையை உள்ளே விட்டார். ஒரு டிக். தடுப்பு இறங்கியது.

மாயாண்டி பிழைத்துக்கொண்டார். கண் விழித்ததும், "ஏழாம் நம்பர் கட்டில்லயா படுத்திருக்கேன்? அதான் பொழச்சேன்," என்றார். தூண் ஓரமாக இருந்த உதவியாளர் அட்டையில் தடுப்பு மேலே இருந்தது, சரி என்று குறித்துக்கொண்டார்.

தேநீர் நேரத்தில் பவித்ரன் அண்ணன் அக்காவைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, அது என்ன கம்பி?"

"எது?"

"எனக்குக் கண்ணு இருக்குக்கா."

"மங்குக் கம்பி. ரப்பர் மரத்துல கட்டுறது."

"இங்க எங்க ரப்பர் மரம் இருக்கு? சொல்லிடுங்கக்கா."

"சொன்னா நாந்தான் உடைச்சேன்னு எழுதுவாங்க."

"உடைச்சது யாரு?"

"தெரியாது. நான் பார்த்தப்பவே உடைஞ்சிருந்துச்சு."

"அப்பறம் என்ன பயம்?"

"நீ பெரட்டுல நின்னதில்ல. நின்னிருந்தா இந்தக் கேள்வி கேக்க மாட்ட."

பவித்ரன் அண்ணன் ரொட்டி சானாயைப் பிய்த்து, பாதியை அக்காவின் தட்டில் வைத்தார். பிறகு, "டாக்டரு நெஞ்சைத் தொட இருபது செகண்டுக்கா. நான் எண்ணினேன்," என்றார்.

அந்த இருபது செகண்டு அக்காவை விடவில்லை. வீட்டுக்கு வந்து சமைக்காமல் உட்கார்ந்திருந்தார். துணிக்கிடங்கைப் பற்றி யோசித்தார். மாயாண்டியின் ஊர் வரைக்கும்தானே கேட்டோம், பெண்டாட்டி பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவில்லையே என்று யோசித்தார். அது தெரியாமலேயே அவர் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னிடமும் கேட்டார்.

டாக்டர் சிகப்பி ஒரு பெட்டி வைத்திருந்தார். தவறு எதையாவது பார்த்தவர்கள் பெயர் போடாமல் எழுதிப் போடலாம், யார் எழுதினார்கள் என்று யாரும் தேடக் கூடாது என்பது ஆய்வின் விதி. எட்டு வாரமாக அதில் விழுந்தவை ஒரு மிட்டாய்த் தாளும் ஒரு பார்க்கிங் சீட்டும்தான். அக்கா மலாயில் பெரிய எழுத்தில் இப்படி எழுதிப் போட்டார்: "ஏழாம் கட்டில் வலதுபக்கக் கொக்கி போய்ப் பதினான்கு மாதம். மங்குக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறது. இழுக்க வேண்டாம். சுருளை அமுக்கி இடது பக்கம் திருகித் தூக்கவும். கழுவுகிறோம் என்பது பொய். இதை எழுதியவள் உடைக்கவில்லை."

மறுநாள் கூட்டம். டாக்டர் சிகப்பி சீட்டை வாசித்தார். பதினேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ரப்பர் மரம் வெட்டியவர் ஒரே ஒருவர்தான். பதினாறு பேரும் கூரை விசிறியைப் பார்த்தார்கள்.

மேட்ரன் ரொஸ்னா எழுந்து, "இது பெயர் இல்லாத கடிதம். எழுதியது ராக்காயி என்று யாரும் தெரிந்துகொள்ளக் கூடாது," என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். அக்காவும் ஆட்டினார்.

மதியம் பழுதுபார்க்கும் பிரிவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். கம்பியை வெட்டக் கூடாது, அது ஆய்வுப் பொருள், முழுசாக வேண்டும் என்று டாக்டர் சிகப்பி சொல்லிவிட்டார். அவர்கள் அமுக்கினார்கள், திருகினார்கள். இடது என்றால் கட்டிலுக்கு இடதா, நிற்பவருக்கு இடதா என்று அவர்களுக்குள் சண்டை வந்தது. எழுதியவரைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் முடியும். ஆனால் கேட்டால் விதி மீறப்படும். அக்கா மூன்றடி தள்ளி ஒரு சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்பது நிமிடம் ஆனது. ஒருவருக்கு விரல் நசுங்கி, அவரைப் பச்சை மண்டலத்தில் பதிவு செய்தார்கள். அவரிடம் ஐந்து பேர் பெயர் கேட்டார்கள்.

கடைசியில் மேட்ரன் கைதட்டினார். "எல்லாரும் ஒரு நிமிடம் சுவரைப் பார்த்து நில்லுங்கள். ஏழாம் கட்டிலில் யாருக்காவது வேலை இருந்தால் முடித்துக்கொள்ளலாம்."

டாக்டர்கள் திரும்பினார்கள். தாதிகள் திரும்பினார்கள். சொட்டு மருந்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நோயாளிகள் திரும்பினார்கள். டாக்டர் சிகப்பியும் அட்டையைக் கவிழ்த்துவிட்டுத் தூண் பக்கம் திரும்பினார். ஒரு டிக் கேட்டது. அவர்கள் திரும்பியபோது கம்பி மெத்தைமேல் கிடந்தது. அக்கா அதே இடத்தில் அதே நாற்காலியோடு நின்றார். சொன்னது புரியாததால் சுவர் பக்கம் திரும்பாமல் இருந்த ஒரு சீனப் பாட்டி மட்டும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

யாரென்று தெரியாத ஒருவருக்குக் கடிதம் அனுப்ப முடியாது. அதனால் கடிதம் வரவில்லை. ஏழாம் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அக்கா ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுச் சித்தியவானுக்குப் பஸ் ஏறினார். துளசிக்குப் பெண் குழந்தை பிறந்தது.

நான்காம் நாள் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது பவித்ரன் அண்ணன் போன் பண்ணினார்.

"அக்கா, பேத்தி எப்படி?"

"மூக்கு அவ அப்பன் மூக்கு. என்ன விஷயம்?"

"மூணாம் கட்டில் தடுப்பு நிக்க மாட்டேங்குது. ரிப்பேருக்கு ரெண்டு வாரம் ஆகுமாம். அந்தப் பேரு தெரியாத ஆளுகிட்ட இன்னொரு கம்பி இருக்குமான்னு மேட்ரன் கேக்குறாங்க. உங்ககிட்டன்னு இல்ல. பொதுவா."

வீட்டில் இன்னும் மூன்று கம்பி இருந்தது. அக்கா குழந்தையைத் துளசியிடம் கொடுத்தார்.

"கம்பி கிடையாது. அதுல யாரையும் படுக்க வைக்காத. வெளிய தள்ளி, உடைஞ்சிருக்குன்னு பெரிசா எழுதி ஒட்டு. படிவமும் எழுதிக் குடு."

"யாரு பார்த்தாங்கன்னு கேக்கும்லா."

"ராக்காயின்னு எழுது."

"நீங்க சித்தியவான்ல இருக்கீங்க. எப்படிக்கா பார்த்திருப்பீங்க?"

"அப்ப நீ பார்த்தன்னு எழுது."

பவித்ரன் அண்ணனுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள், அவர் பேரிலும் ஏற்கனவே ஒரு கடிதம் உண்டு.

"ரெண்டு பேரையும் எழுதலாமா அக்கா?"

"எழுது. என் பேரை மேல எழுது."

படிவத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது. அவர் கோட்டுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக எழுதிக் கொடுத்தார். மூன்றாம் கட்டிலை அன்றைக்கே வெளியே தள்ளினார்கள். அது நடந்து ஐந்து வாரம் ஆகிறது. லீவில் சித்தியவானில் இருந்துகொண்டே ஈப்போவில் கட்டிலை எப்படிப் பார்க்க முடியும் என்று விளக்கம் கேட்டு அலுவலகத்திலிருந்து ஒருமுறை அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கூப்பிட்ட அதிகாரி எந்த ஊர் என்று அக்கா கேட்டிருக்கிறார். அக்கா பெயருக்குக் கடிதம் இதுவரை வரவில்லை. நேற்றுக்கூட மஞ்சள் மண்டலத்தில்தான் வேலை பார்த்தார்.